ஹம்பக்கரைப் பிரிப்பதா, சமாந்தரமாக்குவதா, சும்மா விடுவதா?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி போன மாதம் கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தான். இரண்டு ஹம்பக்கர், அதாவது தந்தியின் அதிர்வை மின்னாக்கும் இரட்டைக் கொயில் பிக்கப்: கழுத்தருகே ஒன்று (நெக்), தந்தி முடியும் பக்கம் ஒன்று (பிரிட்ஜ்). ஒரு வொலியூம், ஒரு ரோன், எந்தப் பிக்கப் பாட வேண்டும் என்று தெரிவு செய்யும் மூன்று நிலைச் சுவிச். வேறொன்றும் இல்லாத சாதாரண கிற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறான். மற்ற நாட்களில் யாரும் கூப்பிட்டால் கலியாண மண்டபத்துக்கும் கோவில் திருவிழா இசைக்குழுவுக்கும் போகிறான்.

"அண்ணா, இதுக்குள்ள ஒரு சுவிச்சைப் போட்டு ஸ்ராற் சத்தம் எடுக்கலாமோ?"

வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது என்னிடம் கேட்கிற கேள்வி இது. ஸ்ராற் என்பது பெண்டர் ஸ்ராற்றோகாஸ்ரர், ஒற்றைக் கொயில் (சிங்கிள் கொயில்) பிக்கப்பின் மெல்லிய சத்தத்துக்குப் பேர்போன கிற்றார். "ஓம், எடுக்கலாம்" என்பது பாதிப் பதில்தான். ஹம்பக்கரில் இருந்து மெல்லிய சத்தம் எடுக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே வயர், அதே ஈயம், அதே அரை நாள் வேலை. ஆனால் வழியைப் பிழையாகத் தெரிந்தால் ஒரு மாதம் ஆசைக்குச் சுவிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவோம். அப்படி மறந்துபோன சுவிச்சோடு திரியும் கிற்றார்கள் யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்தே பத்துக்கு மேல் உண்டு. காரணம் அனேகமாக ஒன்றுதான்: இரைச்சல்.

இரைச்சலைக் கணக்கில் எடுக்காமல் தொடங்க வேண்டாம்

நம் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் வயர், அம்ப்பின் ட்ரான்ஸ்போமர், விசிறி ரெகுலேற்றர், மேடை விளக்கின் டிம்மர் எல்லாமே 50 ஹேர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் காற்றில் பரப்பிக்கொண்டிருக்கின்றன. பிக்கப்பின் கொயில், அதாவது கம்பிச் சுருள், ஒரு அன்ரனா மாதிரி, வருவதையெல்லாம் வாங்கும். தடித்த தந்தியில் மூன்றாவது பிரெற்றை அழுத்தினால் வரும் ஜி 98 ஹேர்ட்ஸ். இரைச்சலின் 100 ஹேர்ட்ஸ் அதற்கு ஒரு மயிரிழை மேலே. ஆகவே நம் ஊர் இரைச்சலுக்குச் சுருதி உண்டு. கொஞ்சம் ஏறிப்போன ஜி. பாட்டு ஜி மேஜரில் இருந்தால் தப்பினோம் என்று எங்கள் குழுவில் பகிடி விடுவார்கள்.

இதற்கு மருந்தாகத்தான் கிப்ஸனில் வேலை செய்த சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார், 1959இல் கிடைத்தது. தந்திரம் உயர்தர பௌதிகவியல் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கொயில்கள். ஒன்றுக்கு மேலே காந்தத்தின் வடமுனைவு, மற்றதுக்குத் தென்முனைவு. மின் இணைப்பும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. வெளியில் இருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் எந்தப் பக்கம் என்று தெரியாது. இரண்டு கொயிலிலும் ஒரே மாதிரி ஏறி, எதிர்த்திசை இணைப்பால் ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் சத்தம் காந்தத்தால் ஒருதரம், இணைப்பால் ஒருதரம் என இரண்டுதரம் புரட்டப்படுவதால் ஒன்றோடொன்று கூடும்.

ஸ்பிளிற் பண்ணுவது என்றால் இதில் ஒரு கொயிலை உறங்க வைப்பது. சத்தம் மெலியும், மேல் சுரங்கள் திறக்கும், கூடவே இரைச்சலும் திரும்பி வரும். வீட்டில் சின்ன அம்ப்பில் அது பெரிதாகத் தெரியாது. ஜெனரேற்றரில் ஓடும் திருவிழா மேடையில், தலைக்கு மேல் நாற்பது எல்.இ.டி. விளக்கும் அவற்றின் டிம்மரும் இருக்கும்போது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளர் பேசுவதே கேட்காது. (1990இல் இருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் கரண்டே இருக்கவில்லை. அந்தக் காலத்தில் சிங்கிள் கொயில்காரருக்கு நல்ல அமைதி இருந்திருக்கும் என்று ஒரு மூத்த கிற்றார்க்காரர் சொல்லிச் சிரிப்பார்.)

அதனால் தம்பியிடம் நான் முதலில் கேட்டது எந்தச் சுவிச் வேண்டும் என்று அல்ல. "எங்க வாசிக்கப் போறாய், எந்த நிலையில வைச்சு வாசிக்கப் போறாய்?" என்றுதான்.

மூடியைக் கழற்றி வயரை எண்ணுங்கள்

எந்த வழியைத் தெரிவதற்கும் முன், பிக்கப்பில் இருந்து எத்தனை வயர் வருகிறது என்று பார்க்க வேண்டும். பின்னல் கவசம் போட்ட ஒற்றை வயர் என்றால் இரண்டு கொயிலும் சந்திக்கும் இடம் பிக்கப்புக்குள்ளேயே ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. அதை வெளியே எடுக்க ரேப்பை உரித்து, கொயிலின் நுனியைத் தேடி, நான்கு வயர் கேபிள் ஒன்றைப் பொருத்த வேண்டும். பழைய பாணிக் கொயிலில் சுற்றப்பட்டிருக்கும் செப்புக்கம்பி 0.06 மில்லிமீற்றர் அளவு. தலைமயிர் அதைவிடத் தடிப்பு. என் முதல் முயற்சியில் அந்த நுனி கொயிலுக்குள் புதைந்த இடத்திலேயே அறுந்தது. அன்று இரவு முழுக்கப் பூதக்கண்ணாடியோடு தேடியும் மறுநுனி கிடைக்கவில்லை; பிக்கப் குப்பைக்குப் போனது. ஒற்றை வயர் பிக்கப்போடு வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது, அதை அப்படியே விட்டுவிட்டு நான்கு வயர் பிக்கப் ஒன்று வாங்குங்கள் என்பதுதான்.

நான்கு வயரும் ஒரு வெறுங்கம்பியும் வந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இரண்டு வயர் நுனிகள் தமக்குள் ஒட்டப்பட்டு, ரேப் சுற்றி, எதிலும் தொடாமல் ஓரமாகக் கிடக்கும். அந்த முடிச்சுத்தான் இரண்டு கொயிலும் தொடராகச் சேரும் இடம். நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு ஹொட் (சத்தம் வெளியே போகும் வயர்), வெள்ளையும் சிவப்பும் முடிச்சு, பச்சையும் வெறுங்கம்பியும் ஏர்த். டிமார்சியோவில் சிவப்பு ஹொட், கறுப்பும் வெள்ளையும் முடிச்சு, பச்சையும் வெறுங்கம்பியும் ஏர்த். பேர் தெரியாத பிக்கப்புக்கு நிறத்தை நம்பாமல் மல்ரிமீற்றரை நம்புங்கள். கீழே நான் டங்கன் நிறங்களையே சொல்கிறேன்.

வெறும் ஸ்பிளிற்

வெள்ளை-சிவப்பு முடிச்சைச் சுவிச் வழியாக ஏர்த்துக்குக் கொண்டுபோவது. இழுத்தால் ஏர்த்தில் தொடும். சிவப்பு-பச்சைக் கொயிலின் இரண்டு நுனியும் ஏர்த்தாகி அது செத்துப்போகும். கறுப்பு-வெள்ளைக் கொயில் மட்டும் பாடும். அழுத்தினால் முடிச்சு எதிலும் தொடாமல் மிதக்கும், பழைய ஹம்பக்கர் திரும்பி வரும். இதைவிட எளிய வேலை கிற்றாருக்குள் இல்லை.

ஆனால் வருவது ஸ்ராற் சத்தம் அல்ல. இதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஸ்ராற் பிக்கப்பின் ஒரு கொயிலில் 8,000 சுற்றுக்குக் கிட்ட இருக்கும். பழைய பாணி ஹம்பக்கரின் ஒரு கொயிலில் ஏறத்தாழ 5,000தான். தடையைப் பார்த்தாலும், ஸ்ராற் 6 கிலோ ஓம் அளவில் நிற்க, 8 கிலோ ஓம் ஹம்பக்கரைப் பிரித்தால் மிஞ்சுவது 4. காந்தம் வைத்திருக்கும் விதமும் வேறு: ஸ்ராற்றில் தந்திக்குக் கீழே நிற்கும் துண்டுகளே காந்தம், இங்கே காந்தம் அடியில் கிடக்க, இரும்புத் துண்டும் திருகாணியும் அதை மேலே கடத்துகின்றன. ஆகவே மெல்லிய, கொஞ்சம் தாழ்ந்த, தனக்கென ஒரு குணமுள்ள சத்தம் வரும். சுற்று அதிகமுள்ள, 14, 15 கிலோ ஓம் காட்டும் பிக்கப்புகளைப் பிரித்தால் சதை கொஞ்சம் மிஞ்சும். கம்பி மெல்லிதானாலும் ஓம் கூடும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது.

இழுத்தவுடன் சத்தம் விழுவதுதான் மேடையில் பெரிய தொல்லை. கீபோர்ட்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு தடையியால் பாதி உறக்கம்

முடிச்சை நேரே ஏர்த்துக்குக் கொண்டுபோகாமல் இடையில் ஒரு தடையியைப் போட்டால் இரண்டாவது கொயில் முழுதாகச் சாகாது. அடியில் கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். சத்தம் அவ்வளவு விழாது, அடிச் சுரத்தில் உடம்பு இருக்கும், இரைச்சலும் சற்றுக் குறையும். பி.ஆர்.எஸ். கிற்றார்கள் சிலவற்றில் கம்பனியே இப்படித்தான் செய்து அனுப்புகிறது. பெறுமதி 1 கிலோ ஓமில் இருந்து 4.7 கிலோ ஓம் வரை காதுக்கு ஏற்றபடி. கூடினால் ஹம்பக்கர் பக்கம் சாயும், குறைந்தால் சிங்கிள் பக்கம்.

எண்ணை ஊகிக்க வேண்டியதில்லை. 10 கிலோ ஓம் பிறிசெற் ஒன்றை, அதாவது சின்ன மாறுதடையை, முதலைக் கவ்வி வயரால் தற்காலிகமாகத் தொடுத்து, வாசித்துக்கொண்டே சின்னத் திருப்புளியால் திருப்புங்கள். "இது" என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, பிறிசெற்றைக் கழற்றி, மீற்றரில் அளந்து, அதற்குக் கிட்டிய தடையியை நிரந்தரமாக ஒட்டுங்கள். தடையி ஒன்றின் விலை ஒரு பிளேன்ரீக்கும் காணாது. நெக் பிக்கப்பை மட்டும் பிரிக்க விரும்புகிறவர்களுக்கு இதுவே என் முதல் சிபாரிசு.

இதே முடிச்சில் பொட் (குமிழால் திருப்பும் மாறுதடை) ஒன்றை வைத்து, ஹம்பக்கரில் இருந்து சிங்கிளுக்குச் சிறிது சிறிதாகத் திருப்பிப் போகும் ஏற்பாடும் உண்டு. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் கொயில் சில ஆயிரம் ஓம்தான். வழமையான 500 கிலோ ஓம் பொட்டைப் போட்டால் முக்கால் சுற்று வரை ஒன்றும் நடக்காது, கடைசித் துண்டில் எல்லாம் ஒரேயடியாக நடந்துவிடும். நான் இரண்டு தரம் போட்டேன், இரண்டு தரமும் கழற்றினேன்.

சமாந்தரம்: பலர் கேட்காத, கேட்க வேண்டிய வழி

ஒரு கொயிலையும் கொல்லாமல், தொடராக இருந்த இரண்டையும் சமாந்தரமாக இணைத்தால் என்ன? 8 கிலோ ஓம் 2 ஆகிறது. சத்தம் மெலிகிறது, மேல் சுரம் திறக்கிறது, ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கிறது. இரண்டு கொயிலும் வேலையில் இருப்பதால் இரைச்சல் அழிப்பும் அப்படியே நிற்கிறது. ஸ்ராற்றின் அந்தக் கொஞ்சம் மூக்கால் பேசும் குணம் இதில் குறைவு. கழுவி வைத்த பாத்திரம் மாதிரி ஒரு சுத்தம். பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாக வைத்து ஆர்பெஜ்ஜியோ (கோர்ட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசிக்கிறவர்களுக்கு, அதுவும் இரைச்சல் உள்ள மண்டபத்தில், ஸ்பிளிற்றைவிட இதுவே மேல் என்பேன்.

குறை என்னவென்றால் ஒரு பிக்கப்புக்கு முழுச் சுவிச் ஒன்று, அதாவது ஆறு காலும், செலவாகும். நடு இரண்டு காலில் ஒன்றுக்கு வெள்ளை, மற்றதுக்குச் சிவப்பு. ஒரு பக்கத்து இரண்டு காலையும் துண்டுக் கம்பியால் தமக்குள் இணையுங்கள். அது தொடர் நிலை. மறுபக்கத்தில் வெள்ளைக்கு நேரான காலை ஏர்த்துக்கும், சிவப்புக்கு நேரான காலைக் கறுப்போடும் இணையுங்கள், அது சமாந்தரம். கறுப்பு வழமைபோல ஹொட், பச்சை ஏர்த். குமிழை இழுக்கும்போது நடுக்கால் எந்தப் பக்கம் தொடுகிறது என்பதை ஒட்டும் முன்பே மீற்றரின் பீப் சத்தத்தால் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் ஒட்டிய கிற்றார் ஒன்று இன்றைக்கும் தலைகீழாக வேலை செய்கிறது, உரியவர் பழகிவிட்டார்.

இரண்டையும் பிரித்து நடுவில் வைப்பது

தம்பியிடம் மறுபடி வருவோம். "எந்த நிலையில?" என்ற கேள்விக்கு அவன் கொஞ்சம் யோசித்து, "கோர்ட்ஸ் அடிக்கேக்க நடுவிலதான் அண்ணா, ரெண்டும் சேர்ந்து" என்றான். முடிவு அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிட்டது.

நெக், பிரிட்ஜ் இரண்டையும் ஸ்பிளிற் பண்ணி நடு நிலையில் சேர்த்து வாசித்தால் மொத்தம் இரண்டு கொயில் பாடுகின்றன. ஒன்று வடமுனைவுக் கொயிலாகவும் மற்றது தென்முனைவுக் கொயிலாகவும் இருந்தால், அவை தூரத்தூர வைத்த ஒரு ஹம்பக்கர் மாதிரி நடந்துகொள்ளும், இரைச்சல் அடங்கிவிடும். சத்தமோ அகலமாக, கண்ணாடி மாதிரி, சினிமாப் பாட்டின் பின்னணிக் கோர்ட்ஸுக்கு அளந்து வெட்டியது போல இருக்கும். பிரித்த ஹம்பக்கர் தரும் சத்தங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஆனால் இரண்டு பிக்கப்பின் முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு ஏர்த்துக்குக் கொண்டுபோனால் இது கிடைக்காது. இரண்டிலும் கறுப்பு-வெள்ளைக் கொயிலே மிஞ்சும். இரண்டும் ஒரே முனைவு. இரைச்சலும் அழியாமல் அப்படியே நிற்கும். கடையில் சுவிச் போட்டுக்கொண்டு வருகிற கிற்றார்களில் பாதிக்கு மேல் நான் கண்டது இந்தக் குறைதான்.

சரி செய்வதற்கு ஒரு வயர்தான் வித்தியாசம். பிரிட்ஜின் முடிச்சு வழமைபோல ஏர்த்துக்குப் போகட்டும். நெக்கின் முடிச்சை ஏர்த்துக்குப் பதிலாக அதே பிக்கப்பின் கறுப்பு வயருக்கு, ஹொட்டுக்கு, கொண்டுபோங்கள். இப்போது செத்துப்போவது கறுப்பு-வெள்ளைக் கொயில். மிஞ்சுவது சிவப்பு-பச்சைக் கொயில். டங்கனில் அது திருகாணி வரிசைக் கொயில். நெக்கில் திருகாணி வரிசை கழுத்துப் பக்கமாக இருப்பதால் சத்தம் உருண்டையாக வரும். பிரிட்ஜில் மிஞ்சுவது உள்பக்கக் கொயில், காதைக் குத்தாது. இரைச்சலுக்காகச் செய்த ஏற்பாடு காதுக்கும் நல்லதாக அமைந்துவிடுகிறது.

இங்கே இரண்டு இடத்தில் கை சறுக்கும். இரண்டிலும் எனக்குச் சறுக்கியிருக்கிறது.

புஷ்-புல் பொட்டுக்கு (இழுத்தாலும் அழுத்தினாலும் சுவிச்சாகவும் வேலை செய்யும் பொட்) அடியில் தனித்தனியான இரண்டு சுவிச் அருகருகே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மூன்று கால். ஒரு பிக்கப்புக்கு ஒரு வரிசை. கால் மிச்சம் பிடிக்கிறோம் என்று இரண்டு முடிச்சையும் ஒரே நடுக்காலில் ஒட்டினால், குமிழை அழுத்தி ஹம்பக்கர் நிலைக்கு வந்த பிறகும் இரண்டு பிக்கப்பின் நடுவயிறும் ஒன்றோடொன்று கட்டப்பட்டே இருக்கும். சத்தம் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். என்ன சரியில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை போனது.

மற்றது ஹொட். நெக் முடிச்சை ஒட்ட வேண்டிய ஹொட், தெரிவுச் சுவிச்சுக்கு முன்னால் இருக்கும் நெக் வயர். நான் முதல் தடவை கைக்கு எட்டிய வொலியூம் காலில் ஒட்டினேன், அதுவும் ஹொட்தானே என்று. விளைவு: சுவிச்சைப் பிரிட்ஜில் வைத்தாலும் நெக்கின் அரைவாசி கூடவே பாடிக்கொண்டிருந்தது.

எந்தச் சுவிச்?

புஷ்-புல் பொட்டே அனேகருக்குப் போதும். உடம்பில் துளை போட வேண்டாம், வெளித்தோற்றம் மாறாது, பிறகு விற்கும்போது யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வாங்கும் முன் மூன்று அளவு எடுங்கள். குழியின் ஆழம்: சாதாரண பொட்டைவிட இது இரட்டிப்பு உயரம், மெல்லிய உடம்புக் கிற்றாரில் பின்மூடி மூடாமல் போகலாம். துளையின் அகலம்: சீன, கொரிய, இந்தோனேசியக் கிற்றார்களில் 7, 8 மில்லிமீற்றர், அமெரிக்க அளவுப் பொட்டுக்கு 9.5 வேண்டும். அச்சு: பல்லுள்ளதா, மொட்டையா, குமிழ் அதற்குப் பொருந்துமா. லெஸ் போல் மாதிரி வளைந்த மேற்பலகை என்றால் கழுத்து நீண்ட பொட்.

எழுத்தையும் பாருங்கள். ஆசியப் பொட்டுகளில் ஏ 500 என்றால் வொலியூமுக்கு ஏற்ற மடக்கை வகை, பி 500 என்றால் நேர்கோட்டு வகை. ஒருமுறை நான் ஏ என்று கேட்டு வாங்கி வந்தது வீட்டுக்கு வந்து பார்த்தால் பி. கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான் தம்பி" என்றார். றேடியோவுக்கு ஒன்றாக இருக்கலாம். கிற்றாரில் குமிழ் பத்தில் இருந்து இரண்டு வரும் வரை ஒன்றும் செய்யாது, பிறகு திடீரென்று அணைந்துவிடும்.

பொருள் எடுப்பதுதான் இங்கே மெனக்கேடு. ஈயம், தடையி, வயர், மீற்றர் எல்லாம் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் நடந்தாலே எடுக்கலாம். புஷ்-புல்லுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அல்லது நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வருகிற மாமாவின் சூட்கேசுக்குள் இரண்டு பொட்டுக்கு இடம் கேட்க வேண்டும். பாரம் இல்லாத சாமான் என்பதால் மறுக்கமாட்டார். கேட்கும்போது அளவுகளை எழுதிக் கொடுங்கள். திருப்பி அனுப்ப வழியில்லை.

மினி ரொகிள் சுவிச் மலிவு, உறுதி, மூன்று நிலை வகை எடுத்தால் தொடர், ஸ்பிளிற், சமாந்தரம் மூன்றையும் ஒரே சுவிச்சில் பெறலாம். ஆனால் 6.5 மில்லிமீற்றர் துளை ஒன்று வேண்டும். துளைத்த பிறகு துளைக்காததாக்க முடியாது. விலை குறைந்த, நீண்ட நாள் வைத்திருக்கப் போகிற கிற்றார் என்றால் துணிந்து துளையுங்கள். பரிசாகக் கிடைத்ததில் வேண்டாம்.

ஐந்து நிலைச் சுவிச் உள்ள கிற்றார் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். இரண்டாம், நான்காம் நிலைகளில் ஹம்பக்கர் தானாகவே பிரிந்து நடுப் பிக்கப்போடு சேரும்படி பல கிற்றார்கள் கம்பனியில் இருந்தே வருகின்றன. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதற்காகப் பின்மூடியைக் கழற்றாதீர்கள்.

குருநகர், பாசையூர் பக்கம் கடற்கரையோடு இருக்கிறவர்களுக்கு ஒரு சொல்: சோளகக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து சுவிச்சுக்குள் இறக்கும். ஒரு வருடத்தில் புஷ்-புல் விட்டு விட்டுத் தொடத் தொடங்கும். கொன்ராக்ற் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது தரம் இழுத்து அழுத்தினால் அனேகமாகச் சரியாகும்.

சும்மா விடுவது

இதுவும் ஒரு தெரிவுதான். வொலியூமை ஏழுக்குக் குறைத்தால் ஹம்பக்கரே கொஞ்சம் மெலிந்து சுத்தமாகும். மேல் சுரம் மங்குவதுதான் பிரச்சினை என்றால், வொலியூமின் உள்வரும் காலுக்கும் வெளிச்செல்லும் காலுக்கும் இடையில் 0.001 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் அதற்குச் சமாந்தரமாக 150 கிலோ ஓம் தடையி ஒன்றும் ஒட்டுங்கள். குறைத்தாலும் மேல் சுரம் நிற்கும். சுவிச் இல்லை, இரைச்சல் இல்லை. ஒற்றை வயர் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும், ஓவர்டிரைவில் வாழ்கிறவர்களுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது. கேட்கிறவர்களில் மூன்றில் ஒருவரை நான் இந்த இரண்டு சின்னச் சாமானோடேயே அனுப்பிவிடுகிறேன்.

தம்பியின் கிற்றார்

அவனுடையதில் நான்கு வயர் இருந்தது. குழி ஆழம் போதும், துளை 8 மில்லிமீற்றர். ரோன் பொட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புஷ்-புல் ஒன்று: பிரிட்ஜ் முடிச்சு ஒரு வரிசை வழியாக ஏர்த்துக்கு, நெக் முடிச்சு மற்ற வரிசை வழியாக அதன் சொந்த ஹொட்டுக்கு. வொலியூமை விட்டு ரோனைத் தெரிந்தது, பாட்டு நடுவே வொலியூம் குமிழைத் திருப்பும் சின்ன விரல் தவறிப்போய் அதை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. பொட்டின் முதுகில் ஏர்த் ஒட்ட 40 வாற் அயன் வைத்திருக்கிறேன். 25 வாற்றால் ஒட்டப் போனால் முதுகு சூடாகும் முன் உள்ளே இருக்கும் தடம் வெந்துவிடும்.

தந்தி போடும் முன் ஜாக்கில் வயரைச் செருகி, வொலியூமைப் பத்தில் வைத்து மீற்றரைப் பிடித்தோம். அழுத்தி, நெக்: 7.8 கிலோ ஓம். இழுத்து, நெக்: 3.9. இழுத்து, நடு: 2-க்குக் கிட்ட. எண்கள் பொய் சொல்லவில்லை. பிறகு அம்ப்பை மெதுவாக வைத்து, சின்ன இரும்புத் திருப்புளியால் ஒவ்வொரு வரிசையையும் தட்டினோம். நெக்கில் திருகாணி வரிசை "டொக்" என்றது, மற்றது ஊமை. பிரிட்ஜில் எதிர்மாறு.

தந்தி போட்டு, விறாந்தை விசிறியையும் பழைய ரியூப் லைற்றையும் வேண்டுமென்றே போட்டுவிட்டு அம்ப்பைக் கூட்டினேன். குமிழை இழுத்து நெக்கில் வைத்தான். கொஞ்சம் ஏறிய ஜி, வழக்கம்போல. சுவிச்சை நடுவுக்குத் தள்ளினான். நின்றது.

அம்ப்பின் பவர் லைற் எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் முதல் கோர்ட்டை அடித்தான்.